தெற்கே முடியும் தண்டவாளம்: மைசூரின் போக்குவரத்து வரலாறு

மைசூர் இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஊர். வடக்கே 15 கிலோமீட்டர் போனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி குறுக்கிடுகிறது. தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், நஞ்சன்கூட்டில் கபினி குறுக்கிடுகிறது. உள்ளூர்ப் பேச்சில் அது கபிலை. ஊரின் தென்கிழக்கை சாமுண்டி மலை அடைத்து நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருப்பதால், தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து புறப்படுகிறவர் காட்டையும் கணவாயையும் ஏறித்தான் மைசூருக்கு வர முடியும். காவிரி இரு நிலங்களையும் இணைத்தாலும் அதில் படகுப் பயணம் இல்லை. சிவனசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் அது அருவியாக விழுகிறது. ஆற்றின் குறுக்கே கரை கடக்கப் பரிசல் உண்டு; ஆற்றோடு கீழே போக வழி இல்லை. மைசூரின் போக்குவரத்து முழுக்க நிலவழியாகவே வளர்ந்ததற்கு இதுவே காரணம். வடகிழக்குப் பாதை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேகம் கூடியதையும், தெற்குப் பாதை காட்டு விளிம்பில் தயங்கி நின்றதையும் புரிந்துகொள்ள இந்த நிலவமைப்பை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஊரின் பழைய பாதைகளில் ஒன்று சாமுண்டி மலைப் படிக்கட்டு. 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்டதேவராஜ உடையார் காலத்தில் ஆயிரம் படிகள் வெட்டப்பட்டன. பாதிக்கு மேல் ஏறியதும் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி வருகிறது. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமும் அதுதான். மோட்டார் சாலை மலை உச்சி வரை போன பிறகும் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறும் பெண்களை அங்கே பார்க்கலாம்.

அடுத்து வந்த சிக்கதேவராஜ உடையார் (1673–1704) நிர்வாகத்தைப் பதினெட்டுத் துறைகளாகப் பிரித்தார். கன்னடத்தில் அதை ‘அட்டாரா கச்சேரி’ என்பார்கள். அதில் ஒரு துறை ‘அஞ்செ’, அதாவது ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கடிதம் கொண்டுபோகும் ஏற்பாடு. தமிழின் ‘அஞ்சல்’ இந்தச் சொல்லின் உறவுதான். மைசூர் அரசின் அஞ்செ 1889இல் பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்படும் வரை தனித்து இயங்கியது. சிக்கதேவராஜர் தொடங்கிய இன்னொரு துறை அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தரும் மாட்டுப் பண்ணை. பெயர் ‘பெண்ணெ சாவடி’. போக்குவரத்து வரலாற்றில் அஞ்செயைவிட இந்தப் பண்ணைக்கே பெரிய இடம் உண்டு. ஹைதர் அலி அதன் காளைகளைப் படைக்குப் பயன்படுத்தினார். திப்பு சுல்தான் அதற்கு ‘அம்ருத் மஹால்’ என்று பெயர் மாற்றினார். சிறிய உடல், நீண்ட கொம்பு, தளராத நடை. பீரங்கியையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு மற்றப் படைகளின் மாடுகளால் முடியாத வேகத்தில் இவை போயின. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் படை நடத்தியது இந்தக் காளைகளால்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். திப்பு வீழ்ந்த பிறகு, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியும் இவற்றை விடாமல் தன் படைக்கு வைத்துக்கொண்டார். அம்ருத் மஹால் இன்றும் கர்நாடகத்தில் பேணப்படும் ஒரு மாட்டினம்.

படைக்கு அம்ருத் மஹால் என்றால், வாணிபத்துக்கு லம்பாடிகளின் பொதிமாடுகள். வண்டி போகும் சாலைகள் குறைவாக இருந்த காலத்தில், நூற்றுக்கணக்கான மாடுகளின் முதுகில் தானியமும் உப்பும் ஏற்றி அவர்கள் கணவாய்களைக் கடந்தார்கள். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடெங்கும் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், கடைவீதிச் சரக்குகள் எங்கிருந்து எங்கே மாட்டின் மேல் போகின்றன என்று ஊர் ஊராகக் குறித்துவைத்திருக்கிறார்.

கற்கள் போய்த் திரும்பிய ஊர்

திப்பு காலத்தில் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூர் பழைய கோட்டை ஊராகச் சுருங்கிக் கிடந்தது. திப்பு அந்தக் கோட்டையை இடித்து, சற்றுக் கிழக்கே நஜர்பாத் என்ற இடத்தில் புதிய கோட்டை கட்டத் தொடங்கினார். கற்கள் அங்கே போயின. 1799இல் அவர் போரில் இறந்ததும் உடையார்கள் மீண்டும் மைசூரில் அரியணை ஏறினார்கள். அதே கற்களை வண்டி ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்தில் கோட்டை கட்டினார்கள். இன்றைய மைசூர் நகரத்தின் பிறப்பு இந்தக் கல் சுமந்த வண்டிகளோடு தொடங்குகிறது.

குழந்தை மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்காக நாட்டை நடத்திய திவான் பூர்ணையா, காவிரியைக் கடக்கும் சிக்கலை முதலில் தீர்த்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1804இல் முடிந்த கல்பாலம் அவர் காலத்தது. கல்தூண்களை ஆற்றுப் பாறையில் வரிசையாக நட்டு, மேலே கற்பலகை பரப்பிக் கட்டிய பாலம் அது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த இன்னொரு வெல்லெஸ்லியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். எத்தனையோ வெள்ளங்களைத் தாண்டி அது இன்னும் நிற்கிறது. தெற்கே கபினியின் மேல் இதைவிடப் பழைய பாலம் இருந்தது. தளவாய் தேவராஜர் 1735இல் நஞ்சன்கூட்டில் கட்டிய அந்தப் பாலத்தின் மேல் பிற்காலத்தில் ரயில் தண்டவாளமும் போட்டார்கள். மாட்டுவண்டிக்காகக் கட்டிய பாலத்தின் மேல், சாலை ஒரு பக்கமும் ரயில் ஒரு பக்கமுமாக, 2007 வரை வண்டி ஓடியது. இந்தியாவில் ரயில் ஓடிய பாலங்களிலேயே மிகப் பழையது இதுதான் என்பார்கள். இப்போது அது பாதுகாக்கப்படும் சின்னம்.

1831இல் பிரிட்டிஷார் ஆட்சிப் பொறுப்பை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகத் தலைமையிடம் பெங்களூருக்குப் போயிற்று. மைசூரின் எல்லாச் சாலைகளும் அதன் பிறகு பெங்களூரை நோக்கியே திரும்பிக்கொண்டன. 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் காலத்தில் சமஸ்தானத்தில் ஏறத்தாழ 1,600 மைல் சாலை போடப்பட்டது. 300க்கும் மேற்பட்ட பாலங்கள் எழுந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் வண்டிப் பாதை வந்ததும் பொதிமாட்டின் இடத்தைக் கட்டை வண்டி பிடித்தது. மாட்டின் முதுகில் ஏறுவதைப் போலப் பல மடங்கு சரக்கு ஒரு இரட்டை மாட்டு வண்டியில் ஏறும். ஆனால் நாளுக்கு 25 கிலோமீட்டர் போனாலே அது நல்ல நடை. பெங்களூரும் மைசூரும் 140 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தன. வண்டிக்காரனுக்கு அது ஐந்தாறு நாள் வழி. வசதியுள்ளவர்கள் பல்லக்கில் போனார்கள். ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா என்று வழி ஊர்களில் சத்திரங்களும் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டிகளும் இருந்தன. இன்றும் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டுதான் மைசூர் பயணம் நடக்கிறது.

பஞ்சம் கொண்டுவந்த ரயில்

சென்னை ரயில் 1864இலேயே பெங்களூரை எட்டிவிட்டது. அங்கிருந்து மைசூருக்குத் தண்டவாளம் வர மேலும் 18 ஆண்டுகள் ஆயின. அதற்கு ஒரு பெரும் அழிவும் நடக்க வேண்டியிருந்தது. 1876 முதல் 1878 வரையான பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானத்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் ரயிலில் பெங்களூர் வரை வந்து சேர்ந்தது. அங்கிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி மட்டுமே இருந்தது. தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் முன்பே செத்துக்கொண்டிருந்தன. ரயிலடியில் மூட்டைகள் குவிந்து கிடக்க, அறுபது எழுபது மைலுக்கு அப்பால் மக்கள் பட்டினியில் விழுந்தார்கள். சாலை இருந்தும் இழுக்க உயிர் இல்லாவிட்டால் சாலை உதவாது என்ற பாடத்தை மைசூர் நாடு இவ்வளவு கொடிய முறையில் கற்றது.

பெங்களூர்–மைசூர் பாதையின் மண்வேலை பஞ்ச நிவாரணப் பணியாகவே தொடங்கியது. கூலிக்காக மண் சுமந்தவர்கள் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த உழவர்கள். சமஸ்தானமே தன் பணத்தில் போட்ட மீட்டர் கேஜ் பாதை இது. 1881இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது. 1882இல் ரயில் மைசூருக்குள் வந்தது. இடையில், 1881 மார்ச்சில் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் வந்தது. பத்தாம் சாமராஜேந்திர உடையார் பொறுப்பேற்றார். அவருடைய முதல் திவான் ரங்காச்சார்லு செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்தவர். ரயில் இல்லாமல் நாடு தேறாது என்பதில் உறுதியாக இருந்தவர். அவருக்குப் பின் வந்த திவான் சேஷாத்ரி ஐயரும் பாலக்காட்டுத் தமிழர். சமஸ்தானத்தில் தண்டவாளம் நீண்டதில் இவ்விருவரின் பங்கு பெரிது.

மைசூர் அப்போது சின்ன ஊர். 1881 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 60,292. ரயில் வந்தாலும் ஒரு தடை நெடுங்காலம் நீடித்தது. சென்னையிலிருந்து பெங்களூர் வரை அகலப்பாதை, பெங்களூரிலிருந்து மைசூர் வரை மீட்டர் கேஜ். சென்னையில் ஏறியவர் பெங்களூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வேறு வண்டி மாற வேண்டும். சரக்குகளையும் ஒரு வாகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த இறங்கி ஏறும் வேலை மைசூர்ப் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வியாபாரம் பெங்களூரில் தங்கிவிட்டதற்கும் மைசூர் அமைதியான ஊராக நின்றதற்கும் இந்த இரண்டு அடிக் கணக்கு ஒரு காரணம் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் கூலியும் நேரமும் அங்கே கரைந்தன என்பது உண்மை.

பாதை மைசூரோடு நிற்கவில்லை. 1891இல் நஞ்சன்கூடு வரை போயிற்று. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும் பக்தர் கூட்டம் அந்த வண்டிகளை நிறைத்தது. ஊருக்குள்ளேயே சாமராஜபுரம், அசோகபுரம் என்று இரு சிறு நிலையங்கள் அந்தப் பாதையில் உண்டு. 1918இல், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலத்தின் முடிவில், ஹாசன் வழியாக அரசிகெரே வரை பாதை திறந்தது. பெங்களூர்–புனே பாதையை அங்கே தொட்டதால், பெங்களூர் போகாமலே வடக்கே பயணம் போகும் வாய்ப்பு மைசூருக்கு முதன்முதலில் கிடைத்தது. அசோகபுரத்தில் 1924 முதல் ரயில் பணிமனை இயங்குகிறது. பல குடும்பங்களில் தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறையாக அங்கே வேலை பார்த்தார்கள். 1926இல் நஞ்சன்கூட்டிலிருந்து சாமராஜநகர் வரை தண்டவாளம் நீண்டது. அங்கிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்தைத் தொட வேண்டும் என்ற யோசனை அந்தக் காலத்திலிருந்தே பேசப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின், 1951 ஏப்ரலில், மைசூர் ஸ்டேட் ரயில்வே மற்ற இரு ரயில்வேக்களோடு சேர்ந்து தென்னக ரயில்வே ஆனது. அந்தப் பழைய சமஸ்தான ரயிலின் மிச்சங்களை நிலையத்துக்கு அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் காணலாம். 1979இல் தொடங்கிய இது டெல்லிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது ரயில் அருங்காட்சியகம். 1899இல் செய்த மகாராணியின் சலூன் பெட்டியும், சாலைக்காரைத் தண்டவாளத்தில் ஓட வைத்த ஆஸ்டின் ரயில் காரும் அங்கே நிற்கின்றன.

ஜட்காவும் அகலத் தெருக்களும்

ரயிலில் வந்து இறங்கியவரை வீட்டு வாசல் வரை கொண்டுவிட்டது குதிரை வண்டி. மைசூரின் தெருக்களை ஒரு நூற்றாண்டு காலம் ஆண்டது அதுதான். ஜட்காவுக்கு இரண்டு சக்கரம், வளைந்த கூண்டு. பின்பக்கமாக ஏறி, வைக்கோல் பரப்பிய பலகையில் கால் மடக்கி உட்கார வேண்டும். பின்னால் பாரம் கூடினால் வண்டி தூக்கிக்கொள்ளும். ‘முன்னே தள்ளி உட்காருங்கள்’ என்று வண்டிக்காரர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். வசதியானவர்கள் ஏறியது சாரட்டு, கன்னடத்தில் சாரோட்டு. மைசூருக்கே உரிய டாங்கா வகை ஒன்றுக்கு ‘ஷா பசந்த்’ என்று பெயர்; மன்னருக்குப் பிடித்தது என்று பொருள். வண்டிக்காரர்களில் பலர் உருது பேசும் முஸ்லிம்கள். லாடம் அடிப்பவர், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுபவர், புல்லுக்கட்டு விற்கும் பெண்கள் என்று இந்த ஒரு தொழிலை நம்பி ஊரில் பல தொழில்கள் இருந்தன. டி.வி. குண்டப்பா 1943இல் வெளியிட்ட ‘மங்குதிம்மன கக்க’ நூலில் மனித வாழ்வை ஜட்கா வண்டியாக உருவகித்தார். படித்தவரும் படிக்காதவரும் உடனே புரிந்துகொண்ட உவமை அது. அவ்வளவு பழகிய வண்டி.

குதிரை வண்டிக்கு ஏற்ற தெருக்கள் அமைந்ததற்கு மற்றொரு துயரம் காரணம். 1890களின் கடைசியில் பிளேக் பரவியது. 1891இல் 74,048ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 68,111ஆகக் குறைந்தது. கோட்டைக்குள்ளும் பழைய பேட்டைகளிலும் நெருங்கிக் கிடந்த சந்துகளே நோய்க்கு வீடு என்று அரசு முடிவு செய்தது. 1903இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது. நாட்டில் இத்தகைய அமைப்புகளில் முந்தியவற்றுள் ஒன்று அது. காற்றும் வெயிலும் வர வேண்டும் என்று அகலமான சாலைகளை வெட்டினார்கள். லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற புதிய குடியிருப்புகளில் முன்பக்கம் பெரிய தெரு, வீடுகளின் பின்பக்கம் துப்புரவு வண்டி மட்டும் போக ஒரு குறுந்தெரு என்று திட்டமிட்டார்கள். அந்தப் பின்சந்துகளை இன்றும் ‘கன்சர்வன்சி’ என்றே ஊர் அழைக்கிறது.

நகரின் முதன்மைச் சாலையான சயாஜிராவ் சாலைக்கு அடியில் பழைய கால்வாய் ஒன்று புதைந்திருக்கிறது. காவிரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர பூர்ணையா வெட்டத் தொடங்கி முடியாமல் போன கால்வாய் அது. அதை மூடி அதன் மேல் சாலை போட்டார்கள். தண்ணீர் போகாத வழியில் விஜயதசமி தோறும் யானை போகிறது: அரண்மனையிலிருந்து கிருஷ்ணராஜர் வட்டம், சயாஜிராவ் சாலை, பேம்பூ பஜார் வழியாக பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். யானையின் முதுகில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரி. மைசூரின் பெரிய சாலைகளையும் வட்டங்களையும் பார்க்கிறபோது, அவை வண்டிக்காக மட்டும் அமைந்தவை அல்ல, இரு பக்கமும் கூட்டம் நிற்க நடுவே ஊர்வலம் போக அமைந்தவை என்பது விளங்கும். இந்த அகலத்தைக் கொடையாகப் பெற்றதால்தான் பின்னாளில் பேருந்தும் காரும் வந்தபோது பல பழைய ஊர்களைப் போல மைசூர் திணறவில்லை. தசரா யானைகள் முன்பு காட்டு முகாம்களிலிருந்து நாள்கணக்கில் நடந்தே ஊருக்கு வந்தன. இப்போது வீரனஹொசஹள்ளியில் பூஜை செய்து ‘கஜபயணம்’ தொடங்கியதும் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஜட்காவின் காலம் ஒரே நாளில் முடியவில்லை. முதலில் சைக்கிளும் பேருந்தும் கூட்டத்தைப் பங்கு போட்டன. பிறகு ஆட்டோ ரிக்ஷா வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது. இன்று அரண்மனையைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சில டாங்காக்கள் மட்டும் ஓடுகின்றன.

பேருந்தும் ஜாவாவும்

பேருந்துகள் தனியார் கையில்தான் தொடங்கின. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பட்டதும் தென்னிந்தியா எங்கும் போல இங்கும் கரி கேஸ் பஸ்கள் ஓடின. பின்னால் கட்டிய உருளையில் கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு. 1948 செப்டம்பர் 12ஆம் நாள் மைசூர் அரசு சாலைப் போக்குவரத்துத் துறை 120 பேருந்துகளோடு தொடங்கியது. 1961 ஆகஸ்டில் அது கழகமாக மாறியது. மாநிலம் 1973இல் கர்நாடகம் என்று பெயர் பெற்ற பிறகு அதுவே இன்றைய கேஎஸ்ஆர்டிசி. மைசூரில் வெளியூர் வண்டிகளுக்கு ஒரு நிலையம், நகர வண்டிகளுக்கு ஒரு நிலையம். வெளியூர் நிலையத்தை ஊரார் ‘சப்-அர்பன்’ என்கிறார்கள். அது நிற்கும் சாலைக்குப் பெயர் பி.என். சாலை: பெங்களூரையும் நீலகிரியையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையின் பெயர், ஊருக்குள் ஒரு தெருவின் பெயராகத் தங்கியிருக்கிறது.

1960களில் மைசூர் தானே வண்டி செய்யும் ஊராகவும் ஆனது. ஃபரூக் இரானி என்ற தொழில்முனைவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ஐடியல் ஜாவா தொழிற்சாலையை இங்கே தொடங்கினார். 1961 முதல் 250 சிசி ஜாவா மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. பின்னர் அதே ஆலையின் வண்டிகள் ‘யெஸ்டி’ என்ற பெயரில் வந்தன. இரட்டைக் குழாய்ப் புகைபோக்கியின் தனித்த ஓசையை வைத்தே தெருவில் வருவது எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள். கியர் மாற்றும் மிதியையே மடக்கிக் கிக் ஸ்டார்ட்டராக உதைக்கும் அமைப்பு வேறு வண்டிகளில் அரிது. தமிழ்நாட்டிலும் காவல்காரர், விவசாயி, கல்லூரி மாணவர் என்று பலர் இந்த மைசூர் வண்டியை ஓட்டினார்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஜப்பானியக் கூட்டு வண்டிகள் 1980களில் வந்ததும் விற்பனை சரிந்தது; 1996இல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் வேறு நிறுவனத்தின் மூலம் மீண்டும் சந்தைக்கு வந்தாலும் அவை மைசூரில் செய்யப்படவில்லை. பழைய வண்டிகளைப் பிள்ளைபோல் பேணும் மெக்கானிக்குகள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்; ஜூலையில் ஜாவா–யெஸ்டி உரிமையாளர்கள் ஒன்றுகூடி ஊர்வலம் போகிறார்கள்.

நகரப் பேருந்தில் மைசூர் ஒரு முன்னோடி முயற்சியையும் செய்தது. 2012இல் உலக வங்கி வழியாக வந்த உதவியோடு, சுமார் 500 நகரப் பேருந்துகளில் செயற்கைக்கோள் இடங்காட்டி பொருத்தி, அடுத்த வண்டி எப்போது வரும் என்று நிறுத்தங்களில் பலகையில் காட்டினார்கள். நாட்டில் இதைச் செய்த முதல் நகரங்களில் மைசூரும் ஒன்று. 2017 ஜூனில் ‘ட்ரின் ட்ரின்’ என்ற பொதுச் சைக்கிள் திட்டம் 450 சைக்கிள்களோடு வந்தது. ஒரு நிலையத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டுவிடலாம். 2023 ஜூன் முதல் மாநிலம் முழுவதும் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த மூன்றில் பேருந்து நிலையத்தின் முகத்தையே மாற்றியது கடைசித் திட்டம்தான். வேலைக்குப் போகும் பெண்களும், நஞ்சன்கூட்டுக்கும் சாமுண்டி மலைக்கும் போகும் மூதாட்டிகளும் வண்டிகளை நிறைக்கிறார்கள்.

தொண்ணூறு நிமிடம்

பெங்களூர்–மைசூர் ரயில் பாதை 1990களின் முதற்பாதியில் அகலப்பாதை ஆனது. நூறு ஆண்டுக்கு மேல் நடந்த அந்த இறங்கி ஏறும் வேலை அத்தோடு ஒழிந்தது. சென்னையிலிருந்து நேராக மைசூருக்கு சதாப்தி ஓடத் தொடங்கியது. பிறகு பாதை இரட்டைப் பாதையாகி மின்மயமும் ஆனது. 2022 நவம்பர் 11 அன்று தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ரயில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே புறப்பட்டது. சுமார் 500 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்தில் கடக்கிறது. காவேரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கும் பழைய பழக்கமும் தொடர்கிறது.

சாலை அதைவிடப் பெரிய மாற்றம் கண்டது. 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் நீளம் 118 கிலோமீட்டர். செலவு சுமார் 8,480 கோடி ரூபாய். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமானது. ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா ஆகிய ஊர்களுக்கு வெளியே புறவழிகள் அமைந்ததால், சத்திர காலத்திலிருந்து பயணிகளை நம்பி வாழ்ந்த கடைகள் அந்த வருமானத்தை இழந்தன. சென்னபட்டணத்து மரப்பொம்மைக் கடைக்காரர்களும் மத்தூர் வடை விற்பவர்களும் இதை வெளிப்படையாகச் சொன்னார்கள். திறந்த சில மாதங்களிலேயே விபத்து மரணங்கள் பெருகின. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளும் டிராக்டரும் முதன்மைத் தடத்தில் போகத் தடை வந்தது. ஜாவாவின் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் இப்போது பக்கச் சாலையில்தான் போக வேண்டும்.

வானவழி மட்டும் ஊருக்கு இன்னும் சரியாக அமையவில்லை. நஞ்சன்கூடு சாலையில் மண்டகள்ளியில் மன்னராட்சிக் காலத்திலேயே விமானத் திடல் இருந்தது. 2010இல் அது புதிய நிலையமாகத் திறக்கப்பட்டது. வந்த சேவைகள் நின்றும் தொடங்கியும் போயின. 2017இல் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் கிடைத்தது. ஓடுபாதை 1,740 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அதை நீட்ட வேண்டும். நீட்டினால் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் குறுக்கே வருகின்றன.

காட்டு விளிம்பு

தமிழ்நாட்டை நோக்கிய நேர்வழிகள் எல்லாம் தெற்கே காட்டில் நுழைகின்றன. ஒன்று குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்கும், அங்கிருந்து கோவைக்கும். மற்றொன்று சாமராஜநகர், ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்துக்கு. ஹைதரும் திப்புவும் கோவைச் சீமைக்குப் படை இறக்கிய கஜலட்டிக் கணவாயும் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு லாரிக்காக யானைகள் சாலையோரம் காத்து நிற்பதும், லாரி திருப்பத்தில் சிக்கி மணிக்கணக்கில் வண்டிகள் நிற்பதும் அங்கே வழக்கம்.

பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் நடுவே ஊட்டிக்கும் கேரளத்துக்கும் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. இரவில் சாலையைக் கடந்த மான், சிறுத்தை, யானைக்குட்டி என்று பல உயிர்கள் வண்டியில் அடிபட்டு மாண்டதே காரணம். கர்நாடக உயர்நீதிமன்றம் 2010இல் தடையை உறுதி செய்தது. அதன் பின் கேரள அரசும் வணிகர்களும் பலமுறை எதிர்த்தும் அது நிலைத்திருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 முதல் திம்பம் சாலையிலும் இரவுக் கட்டுப்பாடு வந்தது. காய்கறி லாரிக்காரர்களுக்கு இது சிரமம்தான். ஆனால் வனவிலங்குகளுக்கு இரவுதான் நடமாடும் பொழுது. மனிதருக்குப் பகல் மிஞ்சுகிறது. இந்த ஏற்பாடு நியாயமானது.

சாமராஜநகர்–மேட்டுப்பாளையம் ரயில் யோசனையும் இதே காட்டில்தான் நிற்கிறது. சத்தியமங்கலம் இன்று புலிகள் காப்பகம்; யானைகள் மலை மாறும் வழிகள் அதற்குள் இருக்கின்றன. மைசூர்–சாமராஜநகர் பாதை 2008இல் அகலப்பாதையாக மாறியது. ஒரு கிலோமீட்டர்கூட அதற்கு அப்பால் நீளவில்லை. ஆகவே மைசூரிலிருந்து ரயிலில் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போகிறவர் முதலில் எதிர்த்திசையில் பெங்களூர் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பிச் சேலம் வழியாக இறங்க வேண்டும். தூத்துக்குடிக்குப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸின் வழியும் பெங்களூர்தான். ரயிலின் இந்தச் சுற்றைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே சப்-அர்பன் நிலையத்துக்கு வந்து கோவைக்கும் சத்தியமங்கலத்துக்கும் போகும் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். காட்டுச் சோதனைச்சாவடியின் தடுப்பு இறங்குவதற்குள் மலையைக் கடந்தாக வேண்டும்.